ஆட்டிசக் குழந்தைக்கு வளர்சிதை மாற்ற நோய்ச் சோதனை: யாருக்கு, எதிலிருந்து தொடங்குவது?

செங்காந்தள்:

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு ஒரு பரிந்துரைக் குறிப்பு தயாராகிறது. ஆட்டிசம் என்று முடிவான 2 முதல் 6 வயதுக் குழந்தைகளில் யாரைப் பிறவி வளர்சிதை மாற்ற நோய்களுக்காக (உணவிலுள்ள பொருட்களை உடல் சரியாக உடைக்கவோ தயாரிக்கவோ முடியாத பிறவிக் கோளாறுகள்) சோதிப்பது என்ற பகுதி மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது.

இப்போது இரண்டு கோடியும் நடக்கிறது. பேச்சு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்கு டி.எம்.எஸ். (உலர் ரத்த அட்டைச் சோதனை), சிறுநீர் ஜி.சி.எம்.எஸ். (கரிம அமிலச் சோதனை), அம்மோனியா, லாக்டேட் என்று சீட்டு நிறைய எழுதுவது ஒரு வகை. வலிப்பு, தளர்ந்த தசை, தாய்மாமன் திருமணம் எல்லாம் கோப்பில் இருந்தும் "ஆட்டிசம்தான், தெரபிக்குப் போங்க" என்று முடித்துவிடுவது இன்னொரு வகை.

கேட்க வேண்டியவை: எல்லோருக்கும் சோதனை வேண்டுமா? டி.எம்.எஸ். நார்மல் என்று வந்துவிட்டால் அந்தக் கதவை மூடிவிடலாமா? சிகிச்சை உள்ள, தவறவிடவே கூடாத நோய்கள் எவை? மாவட்டத்திலிருந்து சாம்பிள் அனுப்பும்போது எங்கே கெடுகிறது? கடைசியாக, ஃபோலினிக் அமில மாத்திரை கேட்டு வரும் பெற்றோருக்கு என்ன சொல்வது?

குமரிமுனை (குழந்தை நரம்பியல்):

எல்லோருக்கும் வேண்டாம். வேறு எந்த அறிகுறியும் இல்லாத ஆட்டிசத்தில் இந்தச் சோதனைகளால் கிடைப்பது மிகக் குறைவு. 2011-இல் பிரான்சிலிருந்து வந்த ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட 274 குழந்தைகளுக்கு அமினோ அமிலம், கரிம அமிலம், கிரியாட்டின், பியூரின், மியூகோபாலிசாக்கரைடு எல்லாம் பார்த்தார்கள். மாறுபட்டு வந்தது 2 பேருக்கு மட்டும். அதிலும் ஒன்று எந்த நோயையும் சுட்டாத கிரியாட்டின் கூடுதல். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2020 அறிக்கையும் குரோமோசோம் மைக்ரோஅரே, ஃப்ரஜைல் எக்ஸ் என்ற இரண்டு மரபணுச் சோதனைகளையும் முன்வைத்து, வளர்சிதை மாற்றச் சோதனையை அறிகுறி இருந்தால் மட்டும் என்று தள்ளி வைக்கிறது. ஆனால் அந்த 274 பேரை நம் ஊர்க் கணக்கோடு அப்படியே ஒப்பிட முடியாது. சொந்தத்துக்குள் திருமணம் இவ்வளவு இருக்கும் இடத்தில் சோதனைக்கான வாசற்படியைச் சற்றுத் தாழ்த்தித்தான் வைக்க வேண்டும்.

குறிப்பில் ஒரு வரிதான் எழுத இடம் என்றால் இதை எழுதுங்கள்: ஆட்டிசம் என்ற பெயருக்காகச் சோதிக்காதீர்கள், ஆட்டிசத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொன்றுக்காகச் சோதியுங்கள்.

அந்த இன்னொன்று எது என்பதில்தான் தடுமாற்றம். முதலில் பின்னடைவு. 18 முதல் 24 மாதத்தில் பத்துச் சொல் பேசிய குழந்தை பேச்சை நிறுத்தி, கூப்பிட்டால் திரும்பாமல் போவது ஆட்டிசத்திலேயே சாதாரணமாக நடக்கும். அதற்கு மட்டும் அலாரம் அடிக்க வேண்டாம். நடந்த குழந்தை தள்ளாடுவது, கையில் பிடித்ததைத் தவறவிடுவது, 3 வயதுக்குப் பிறகு திறன் இழப்பது, ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பின்னும் ஒரு படி இறங்குவது, இவை வேறு. ஆட்டிசம் பேச்சைப் பறிக்கும், நடையைப் பறிக்காது.

அடுத்து சாப்பாடு. ஆட்டிசக் குழந்தைகள் சாப்பாட்டில் பிடிவாதம் பிடிப்பார்கள் என்பதால் இந்தத் தடயம் எளிதாகப் புதைந்துவிடும். ஆட்டிசப் பிடிவாதம் நிறம், மொறுமொறுப்பு, ஒரே பிராண்டு பிஸ்கட் என்று தோற்றத்தைச் சுற்றி ஓடும். புரதக் கழிவான அம்மோனியாவை உடல் அகற்ற முடியாத யூரியா சுழற்சிக் கோளாறில் முட்டை, மீன், தயிர், பருப்பு என்று புரதம் எந்த வடிவில் வந்தாலும் ஒதுக்கும். ரசம் சாதமும் அப்பளமும் போதும் என்று உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டுப் பிரியாணிக்கு மறுநாள் வாந்தி, தூக்கம், உளறல் என்ற வரலாறு இருந்தால் அம்மோனியா பார்க்காமல் விடக் கூடாது. அந்தக் கோளாறுகளில் ஒன்றான ஓ.டி.சி. குறைபாடு எக்ஸ் குரோமோசோமைச் சேர்ந்தது. பாதி பாதிப்போடு வரும் பெண் குழந்தைகள் வருடக்கணக்கில் இப்படியே ஓடிவிடுவார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். வலிப்பு, தசைத் தளர்ச்சி, விநோத அசைவுகள், தலைச் சுற்றளவு மிகச் சிறிதாகவோ பெரிதாகவோ இருப்பது, கல்லீரல் மண்ணீரல் வீக்கம், காது கேளாமை, கண்புரை, விலகிய கண்வில்லை. காலில் 2-ஆவது 3-ஆவது விரல் ஒட்டியிருந்து கொலஸ்ட்ராலும் குறைவாக இருந்தால் ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்ற கொலஸ்ட்ரால் உற்பத்திக் கோளாறு. 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் அளக்க வேண்டும். ஆகவே செருப்பைக் கழற்றிப் பாருங்கள். முடி மெலிவு, வாயைச் சுற்றிப் புண், வலிப்பு மூன்றும் சேர்ந்தால் பயோட்டினிடேஸ் நொதிக் குறைபாடு. அண்ணன் தம்பியோடு ஒப்பிட வெளுத்த தோலும் செம்பட்டை முடியும், படுக்கையில் எலி மூத்திர வாடையும் இருந்தால் ஃபினைல்கீட்டோனூரியா (ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடல் உடைக்க முடியாத நோய்).

சான்ஃபிலிப்போ என்ற, மியூகோபாலிசாக்கரைடு தேங்கும் நோய்க்கு மட்டும் தனிப் பத்தி. இது ஆட்டிசம், அதிதுறுதுறுப்பு என்ற பெயரில்தான் பல வருடம் நடமாடும். 2 முதல் 6 வயதுக்குள் பேச்சு நிற்கும், தூக்கம் சிதையும், எதையும் வாயில் வைத்து மெல்லும். கோப்பைப் புரட்டினால் ஓயாத காது சீழ், குடலிறக்க அறுவை, அடினாய்டு அறுவை, அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று சிதறிக் கிடக்கும். முடி முரடாகும், புருவம் அடரும். முகத்தின் மாற்றம் அவ்வளவு மெதுவானது, பெற்றோரிடம் ஒரு வயதுப் புகைப்படம் வாங்கி ஒப்பிட்டால்தான் தெரியும். சிறுநீரில் சாயம் போட்டுப் பார்க்கும் எளிய சோதனை இதைத் தவறவிடும். எலக்ட்ரோஃபோரெசிஸ், பிறகு வெள்ளணுவில் நொதி அளவு என்று போக வேண்டும்.

சிகிச்சை இருப்பதால் தவறவிடக் கூடாதவை என் கணக்கில் இவை: ஃபினைல்கீட்டோனூரியாவும் அதன் பங்காளியான பி.எச்.4 (அந்த நொதிக்கு வேண்டிய துணைப்பொருள்) குறைபாடுகளும், பயோட்டினிடேஸ், ஹோமோசிஸ்டினூரியா (ஹோமோசிஸ்டீன் தேங்கும் நோய்), கிரியாட்டின் உற்பத்திக் குறைபாடுகள், யூரியா சுழற்சி, மூளை ஃபோலேட் குறைபாடு, குளூட்-1 (மூளைக்குள் குளுக்கோஸ் போதிய அளவு போகாத நோய்), நாள்பட்ட வயிற்றுப்போக்கோடு சிறுவயதுக் கண்புரை வரும் சி.டி.எக்ஸ். என்ற கொழுப்புப் பொருள் தேங்கும் நோய்.

டி.எம்.எஸ். நார்மல் என்பது கதவை மூடாது. அந்த உலர் ரத்த அட்டை அமினோ அமிலங்களையும் அசைல்கார்னிட்டினையும் மட்டும் காட்டும். ஃபினைல்கீட்டோனூரியா, மேப்பிள் சிரப் சிறுநீர் நோய், புரோப்பியோனிக், மீத்தைல்மலோனிக், ஐசோவலெரிக், குளூட்டாரிக் வகை 1 இவை பிடிபடும். கிரியாட்டின், சான்ஃபிலிப்போ, ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ், பியூரின் நோய்கள், மூளை ஃபோலேட், குளூட்-1 இதில் வரவே வராது. ஓ.டி.சி.யில் சிட்ருலின் குறைந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஹோமோசிஸ்டினூரியாவில் மெத்தியோனின் நார்மலாகவே இருக்கும் குழந்தைகள் உண்டு, குறிப்பாக பி6-க்கு இணங்கும் வகையில். மொத்த ஹோமோசிஸ்டீன் தனியாகக் கேட்க வேண்டும். பயோட்டினிடேஸ் தனி நொதிச் சோதனை.

கிரியாட்டின் குறைபாடு அசல் ஆட்டிசம் மாதிரியே வரும்: பேச்சு மட்டும் மிக மோசம், கூடவே வலிப்பு. சிறுநீரில் குவானிடினோஅசிட்டேட், கிரியாட்டின்/கிரியாட்டினின் விகிதம் இரண்டும் பார்க்க வேண்டும். இதில் மூன்று வகை: ஜி.ஏ.எம்.டி. நொதிக் குறைபாட்டில் குவானிடினோஅசிட்டேட் ஏறும், ஏ.ஜி.ஏ.டி. நொதிக் குறைபாட்டில் இறங்கும், கிரியாட்டினை மூளைக்குள் கொண்டுபோகும் கடத்திக் குறைபாட்டில் ஆண் குழந்தையின் விகிதம் உயரும். எம்.ஆர்.ஐ. எடுக்க மயக்கம் கொடுக்கிறீர்கள் என்றால் அதே அமர்வில் மூளையின் வேதிப்பொருட்களைக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும் கேளுங்கள்; 3.0 பி.பி.எம். இடத்தில் கிரியாட்டின் முகடு இல்லை என்றால் அந்த மூன்று வகைகளில் ஏதோ ஒன்று உறுதி. பல நேரம் எம்.ஆர்.ஐ. "நார்மல்" என்று வந்து, முகடு பார்க்காமலே கோப்பு மூடப்படுகிறது. ஜி.ஏ.எம்.டி.க்கு கிரியாட்டின் மோனோஹைட்ரேட் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 800 மி.கி., 3 முதல் 6 வேளையாகப் பிரித்து. கூடவே ஆர்னிதின் கூடுதலாகக் கொடுப்பது, உணவில் ஆர்ஜினினைக் கட்டுப்படுத்துவது. கடத்திக் குறைபாட்டில் ஆண் குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் உதவாது.

மயக்கம் என்றதும் இன்னொன்று. நோய் சந்தேகம் உள்ள குழந்தையை "காலையிலிருந்து பச்சைத் தண்ணி கூட வேண்டாம்" என்று வரிசையில் கடைசியாக உட்கார வைக்காதீர்கள். பட்டியலில் முதல் ஆளாகப் போடுங்கள், பட்டினி தொடங்கும்போதே டெக்ஸ்ட்ரோஸ் ஓடட்டும்.

சோதனைக்குழாய் (உயிர்வேதியியல் ஆய்வகம்):

சாம்பிள் பற்றி. வெளியூரிலிருந்து வரும் "அசாதாரண" முடிவுகளில் கணிசமானவை குழந்தையின் நோயல்ல, குழாயின் நோய்.

அம்மோனியா மிக மோசமான ஆசாமி. கையை இறுக்கிக் கட்டி, குழந்தை திமிற, ஊசியைத் தேடித் தேடி எடுத்த ரத்தம் எப்போதும் கூட்டித்தான் காட்டும். தடையில்லாமல் ஓடும் ரத்தம், ஈ.டி.டி.ஏ. குழாய், உடனே ஐஸ் தண்ணீர், 15 நிமிடத்துக்குள் பிளாஸ்மா பிரிப்பு. அருகில் இயந்திரம் இல்லை என்றால் எடுக்கவே எடுக்காதீர்கள். கூரியரில் போகும் அம்மோனியாவுக்கு அர்த்தமில்லை, இயந்திரம் இருக்கும் இடத்துக்குக் குழந்தையை அனுப்புங்கள். பெரிய குழந்தைகளில் 50 மைக்ரோமோல்/லிட்டருக்குள் இயல்பு. குழந்தை மந்தமாக இருந்து 100-ஐத் தாண்டியிருந்தால் மறு சாம்பிளுக்குக் காத்திருக்கும்போதே புரதத்தை நிறுத்தி டெக்ஸ்ட்ரோஸ் ஏற்ற வேண்டும். ஆனால் புரத நிறுத்தம் 24 முதல் 48 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கி அம்மோனியா மறுபடி ஏறும்.

லாக்டேட்டும் அதே ரகம். சாம்பல் மூடிக் குழாய், கட்டு இல்லாமல், அழுகை ஓய்ந்த பிறகு. ஒருமுறை உயர்ந்ததை வைத்து "மைட்டோகாண்ட்ரியா நோய்" என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல் கோப்பில் ஏறிவிட்டால் இறங்காது.

பிளாஸ்மா அமினோ அமிலத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் சாப்பிடாத ரத்தம். சாப்பிட்ட பிறகு எடுத்தால் வேலின், லூசின், ஐசோலூசின் ஏறி இல்லாத மேப்பிள் சிரப்பைக் காட்டும். சிவப்பணு உடைந்திருந்தால் ஆர்ஜினின் குறைந்து ஆர்னிதின் ஏறும். ஹோமோசிஸ்டீனை ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிரிக்காவிட்டால் சிவப்பணுவிலிருந்து கசிந்து கூடும்.

உலர் ரத்த அட்டையில் வட்டத்தை ஒரே பக்கத்திலிருந்து ஒரே சொட்டில் நிரப்புங்கள். மேலே மேலே சொட்டினால் இரட்டை அளவு காட்டும். படுக்கை வாட்டில் குறைந்தது 3 மணி நேரம் நிழலில் காய வேண்டும். வெயிலில் வைப்பதும் ஹீட்டர் காற்றில் காட்டுவதும் வேண்டாம். மே மாதத்தில் இரண்டு நாள் கூரியர் பையில் கிடந்த அட்டையில் பயோட்டினிடேஸ் 25 விழுக்காடு என்று வந்தால் அது பகுதிக் குறைபாடாகவும் இருக்கலாம், வெக்கையாகவும் இருக்கலாம். அதே அட்டையில் வெப்பத்துக்குத் தாங்காத இன்னொரு நொதியையும், உதாரணமாக ஜி-6-பி.டி., ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் கீழே இருந்தால் அட்டை வெந்துவிட்டது. உறுதி செய்ய சீரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 10 விழுக்காட்டுக்குக் கீழ் முழுக் குறைபாடு, 10 முதல் 30 வரை பகுதிக் குறைபாடு.

சிறுநீர் கரிம அமிலம்: காலை முதல் சிறுநீர், 10 மி.லி., உடனே உறைநிலை. நாள் முழுக்கத் தண்ணீர் குடித்த பிறகு எடுத்த நீர்த்த சிறுநீரில் கிரியாட்டினின் கீழே இறங்கி எதையும் நம்ப முடியாமல் போகும். சில நோய்கள் நலமாக இருக்கும்போது ஒளிந்துகொள்ளும். அதனால் வீட்டுக்கு ஒரு சுத்தமான டப்பா கொடுத்தனுப்புங்கள். காய்ச்சல், வாந்தி வரும் நாளில் பிடித்து, தேதி எழுதி ஃபிரீசரில் வைக்கட்டும். நலமான நாளில் எடுத்த மூன்று ரிப்போர்ட்டை விட அந்த ஒரு டப்பா அதிகம் பேசும்.

மருந்துப் பட்டியல் இல்லாமல் சாம்பிள் அனுப்பாதீர்கள். வால்புரோயேட் தன் சொந்த அமிலங்களைச் சிறுநீரில் கொட்டும், கிளைசினை ஏற்றும், அம்மோனியாவையும் ஏற்றும். எம்.சி.டி. (நடுச்சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் கொடுத்தால் நடுச்சங்கிலி டைகார்பாக்சிலிக் அமிலம் வரும். பிவாலிக் சேர்ந்த சில ஆன்டிபயாடிக்குகள் டி.எம்.எஸ்.ஸில் சி5 என்ற அசைல்கார்னிட்டினை ஏற்றி ஐசோவலெரிக் போலக் காட்டும். முந்தைய நாள் மீனும் கறியும் சாப்பிட்ட குழந்தைக்குச் சிறுநீர்க் கிரியாட்டின் விகிதம் பொய்யாக உயரும். இரண்டு நாள் சைவம் வைத்து மறுபடி பாருங்கள்.

வாடை பற்றி ஒரு சேர்க்கை. மேப்பிள் சிரப் மணம் என்று நூல்களில் இருப்பதை நம் ஊர்த் தாய்மார் "வெந்தய வாடை" என்பார்கள், சரியாகவே. இரண்டுக்கும் காரணம் சோட்டோலோன் என்ற ஒரே பொருள். ஆனால் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய் வெந்தயக் கஞ்சி சாப்பிட்டிருந்தாலும் பிள்ளை மீது அதே வாடை வீசும். முதலில் சமையலறையைக் கேளுங்கள், பிறகு லூசினை.

செங்காந்தள்:

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. ஜி.சி.எம்.எஸ்.ஸில் மீத்தைல்மலோனிக் அமிலம் லேசாகக் கூடியிருக்கிறது, "மீத்தைல்மலோனிக் அசிடீமியா இருக்கலாம்" என்று முடிவில் அச்சடித்து வரும் ரிப்போர்ட்டுகள் நிறைய. பெற்றோர் அதை வைத்துக்கொண்டு பயந்து நிற்கிறார்கள். குறிப்பில் இதற்கு என்ன எழுதுவது?

சோதனைக்குழாய்:

முதலில் குழந்தைக்கும் தாய்க்கும் சேர்த்து பி12 பாருங்கள் என்று எழுதுங்கள். சைவத் தாய், ஒரு வயதைத் தாண்டியும் தாய்ப்பால் மட்டும், கறுத்த விரல் மூட்டு, மெலிந்த செம்பட்டை முடி, சோர்வு, சில நேரம் நடுக்கம் என்ற குழந்தை நம் பக்கம் அரிதல்ல. பி12 குறைந்தாலே மீத்தைல்மலோனிக்கும் ஹோமோசிஸ்டீனும் ஏறும். ஊசி போட்டுச் சில வாரம் கழித்து இரண்டும் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிறவி நோயல்ல. ரத்தத்தில் பி12 நன்றாகவே இருந்து இரண்டும் ஏறியிருந்தால், பி12-ஐ உடல் பயன்படுத்த முடியாத கோபாலமின் சி போன்ற கோளாறு. அதை விடக் கூடாது. ஊசி போடுவதற்கு முன்பே சாம்பிள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊசி, பிறகு சோதனை என்றால் கதை குழம்பிவிடும்.

கேழ்வரகு (சிகிச்சை உணவியல்):

ஃபினைல்கீட்டோனூரியா என்று உறுதியானதும் "புரதம் குறைங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் வரும் கேடுகளுக்காக எழுதுகிறேன்.

இயல்பான ஃபினைல்அலனின் 120 மைக்ரோமோல்/லிட்டருக்குக் கீழ். சிகிச்சை இல்லாமல் 1200-ஐத் தாண்டுவது முழு வடிவம். 12 வயது வரை 120 முதல் 360-க்குள் வைத்திருப்பதே இலக்கு. உணவைத் தொடங்குமுன், பி.எச்.4 குறைபாட்டைப் பிரித்தறிய, சிறுநீர் டெரின்களும் அட்டையில் டி.எச்.பி.ஆர். நொதியும் போயாக வேண்டும், பி.எச்.4 குறைபாட்டுக் குழந்தையை வெறும் உணவில் போட்டால் அளவு அழகாக இறங்கும், மூளை மட்டும் கீழே போய்க்கொண்டே இருக்கும். அவர்களுக்கு டோபாமின், செரட்டோனின் முன்பொருள் மருந்து தேவை.

கணக்கு எளிது: 1 கிராம் இயற்கைப் புரதத்தில் சுமார் 50 மி.கி. ஃபினைல்அலனின். முழு வடிவத்தில் 4 வயதுக் குழந்தை தாங்குவது பலருக்கு நாளொன்றுக்கு 250 முதல் 350 மி.கி., அதாவது 5 முதல் 7 கிராம் புரதம். ஒரு சிறிய இட்லி கிட்டத்தட்ட 2 கிராம் புரதம். 100 கிராம் சோறு 2.5 கிராம். 100 மி.லி. பால் 3 கிராமுக்கு மேல். ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, காய்ந்தது 15 கிராம், 3 கிராமைத் தாண்டும். இரண்டு இட்லியும் ஒரு கரண்டி சாம்பாரும் போட்டால் அன்றைய பங்கு முடிந்தது. வயிற்றை நிரப்ப ஜவ்வரிசி இருக்கிறது, அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். வேர்க்கடலை போடாத ஜவ்வரிசி உப்புமா, பால் சேர்க்காமல் வெல்லம் போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி, சுரைக்காய், பூசணி, பழங்கள், எண்ணெய், நெய். பாயசத்தில் பாலை ஊற்றிவிடும் பாட்டிகளிடம் தனியாகப் பேச வேண்டும்.

மீதிப் புரதம் ஃபினைல்அலனின் நீக்கிய மாவிலிருந்துதான். அதில் டைரோசின் சேர்த்திருக்கும். இந்த நோயில் உடல் அதைப் போதிய அளவு தயாரிக்காது. ஒரே டம்ளரில் காலையில் குடித்து முடிப்பது தவறு. 3 அல்லது 4 வேளையாகப் பிரித்தால்தான் ரத்த அளவு நிலையாக நிற்கும். மாவை நிறுத்திவிட்டுப் பருப்பை மட்டும் ஒதுக்கினால் என்ன ஆகும்? குழந்தை தன் தசையையே உடைக்கும், ஃபினைல்அலனின் ஏறும், பி12, இரும்பு, துத்தநாகம் எல்லாம் குறையும். காய்ச்சலிலும் இதேதான் நடக்கும். அன்று கஞ்சியும் சர்க்கரையும் கூட்டுங்கள், மாவை விடாதீர்கள். மறுபக்கம், 120-க்கும் கீழேயே தொடர்ந்து வைத்திருந்தாலும் கேடு: தோல் புண்ணாகும், எடை நிற்கும். சர்க்கரை இல்லாத இனிப்பில் ஆஸ்பார்டேம் உண்டா என்று லேபிளில் பாருங்கள். சிரப் மருந்துகளிலும் இருக்கும்.

4 வயதில் கண்டுபிடித்து உணவு தொடங்கினால் ஆட்டிசம் போய்விடுமா என்று கேட்பார்கள். துறுதுறுப்பு, தன்னைக் கடித்துக்கொள்வது, தூக்கமின்மை, தோல் அரிப்பு குறையலாம், கவனம் கூடலாம். இழந்த அறிவுத்திறன் முழுதாகத் திரும்பாது. பிறந்து முதல் வாரங்களிலேயே பிடித்து உணவில் வைத்த குழந்தைக்குத்தான் அந்தக் கேடு வராமலே தடுக்கப்படுகிறது.

இந்தக் கணக்கு எதையும் நோய் உறுதியாகாத ஆட்டிசக் குழந்தைக்குப் போடாதீர்கள். கோதுமை வேண்டாம், பால் வேண்டாம் என்று நிறுத்தி ஏற்கெனவே நான்கே பொருள் சாப்பிடும் பிள்ளையிடம் இரண்டைப் பறிப்பது சிகிச்சையல்ல. கன உலோகம் நீக்குகிறோம் என்ற கீலேஷனில் 2005-இல் அமெரிக்காவில் 5 வயது ஆட்டிசக் குழந்தை ரத்தக் கால்சியம் சரிந்து இறந்தது. தலைமுடி உலோகச் சோதனை காட்டி அதை விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மரபுவழி (மரபியல் ஆலோசனை):

"சொந்தமா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "அவர் உங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி என்ன முறை?" என்று கேளுங்கள். அதற்கும் இல்லை என்றால் "ரெண்டு பேருக்கும் பூர்வீகம் எந்த ஊர்?" ஒரே சின்ன ஊர், ஒரே வகையறா என்றால் அதையும் எழுதுங்கள். தாய்மாமன் திருமணத்தில் பிள்ளையின் ஒரு மரபணுவின் இரு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வர வாய்ப்பு 8-இல் 1. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் 16-இல் 1. முன்பு இறந்த குழந்தையைப் பற்றிக் கேட்கும்போது "மாந்தம்", "தோஷம்" என்ற விடையில் நிறுத்திவிடாதீர்கள். பிறந்து எத்தனையாவது நாள், பால் குடித்ததா, வலிப்பா, மூச்சு வாங்கியதா என்று போக வேண்டும். நன்றாகப் பிறந்து 3-ஆம் நாள் பால் மறந்து சோர்ந்து இறந்த அண்ணன்தான் சில கோப்புகளில் மிகப் பெரிய தடயம்.

எக்ஸோம் (மரபணுக்களின் குறியீட்டுப் பகுதிகளை மொத்தமாக வாசிக்கும் சோதனை) இப்போது பல உயிர்வேதிச் சோதனைகளைத் தாண்டி முதலிலேயே எழுதப்படுகிறது. தவறில்லை, ஆனால் அது ஃப்ரஜைல் எக்ஸைப் பிடிக்காது. அதைத் தனியே அனுப்ப வேண்டும். கிரியாட்டின் கடத்தி மரபணுவுக்கு 16-ஆம் குரோமோசோமில் போலிப் பிரதி இருப்பதால் வாசிப்பு குழம்பும். "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று வந்தால் அதற்குப் பொருள் கொடுப்பது சிறுநீரும் நொதியும்தான். வலிப்போடு வரும் ஆட்டிசத்தில் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் (வேலின், லூசின், ஐசோலூசின்) மூன்றும் குறைந்திருந்தால் பி.சி.கே.டி.கே. மரபணுவைத் தேடச் சொல்லுங்கள். 2012-இல் சொந்தத் திருமணக் குடும்பங்களில்தான் அது கண்டறியப்பட்டது. அந்த அமிலங்களைக் கூடுதலாகக் கொடுப்பதே சிகிச்சை. எல்லோரும் அமினோ அமிலம் ஏறியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், இறங்கியிருப்பதைக் கவனிப்பவர் குறைவு.

சிகிச்சை இல்லாத நோயானாலும் பெயர் வைக்க வேண்டியது அடுத்த கருவுக்காக. ஒடுங்கு மரபில் ஒவ்வொரு கருவுக்கும் 25 விழுக்காடு. மாற்றம் எது என்று கையில் இருந்தால் மட்டுமே 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்க முடியும். கருவுற்ற பிறகு வந்து தேடினால் நேரம் போதாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் இந்தச் சோதனையைத் தடுக்கவில்லை. நிலைமை மோசமான குழந்தையிடமிருந்து ஈ.டி.டி.ஏ. ரத்தம் 2 மி.லி. எடுத்து டி.என்.ஏ.வைச் சேமித்து வையுங்கள். நிதிக்கு 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கை இருக்கிறது; தமிழ்நாட்டில் அதன் சிறப்பு மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு.

குமரிமுனை:

ஃபோலினிக் அமிலம் பாக்கி இருக்கிறது. 2025 செப்டம்பரில் இந்த மருந்தை ஆட்டிசத்தோடு இணைத்து அமெரிக்க அரசின் அறிவிப்பு வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். மூளை ஃபோலேட் குறைபாடு உண்மையான நோய்: முதுகுத் தண்டு நீரில் 5-மீத்தைல்டெட்ராஹைட்ரோஃபோலேட் குறைவு, எஃப்.ஓ.எல்.ஆர்.1 மரபணு வகையில் 2 வயதுவாக்கில் வலிப்பு, தள்ளாட்டம், பின்னடைவு. அவர்களுக்கு இந்த மருந்து வாழ்வை மாற்றும். பொதுவான ஆட்டிசத்தில் இருப்பது சிறு ஆய்வுகள். 2018-இல் வந்தது 48 குழந்தைகள், 12 வாரம், கிலோவுக்கு 2 மி.கி., நாளுக்கு அதிகபட்சம் 50 மி.கி. பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அதை வைத்து எல்லோருக்கும் எழுத முடியாது. கேட்டு வருபவரை விரட்டவும் வேண்டாம். வலிப்பும் தள்ளாட்டமும் உண்டா பாருங்கள், பி12 பாருங்கள். கடையில் ஃபோலிக் அமிலத்தை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு பொருள், மூளைக்குள் போகும் அதே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். சில குழந்தைகளுக்கு ஃபோலினிக் அமிலத்தால் எரிச்சலும் தூக்கக் கேடும் கூடும்.

வலிப்பு மருந்தைப் பற்றியும் குறிப்பில் சேருங்கள். புரதம் ஒதுக்கும், காரணமில்லாமல் வாந்தி எடுக்கும், அல்லது வலிப்போடு கல்லீரல் நொதி ஏறிய குழந்தைக்கு அம்மோனியா பார்க்காமல் வால்புரோயேட் தொடங்கக் கூடாது. யூரியா சுழற்சியிலும் பி.ஓ.எல்.ஜி. மரபணுவால் வரும் மைட்டோகாண்ட்ரியா நோயிலும் அது உயிரைக் குடித்துவிடும். ரிப்போர்ட் வரும்வரை லெவெடிரசெட்டம் போதும்.

செங்காந்தள்:

கடைசியாக ஒன்று. பயோட்டினிடேஸ் சந்தேகத்தில் ரிப்போர்ட் வரும்முன் பயோட்டின் தொடங்கிவிடலாமா? சோதனை கெட்டுவிடுமா?

சோதனைக்குழாய்:

ரத்தம் எடுத்த கையோடு தொடங்குங்கள். நொதி அளவை மாத்திரை மாற்றாது; சிறுநீர்க் கரிம அமிலத்தை மாற்றும், அதனால் அதற்கு முன்பே சிறுநீர் எடுத்து வையுங்கள். நாளொன்றுக்கு 5 முதல் 10 மி.கி., வாழ்நாள் முழுவதும். வலிப்பும் தோலும் சில நாட்களில், வாரங்களில் அடங்கும். போன செவியும் பார்வையும் பெரும்பாலும் திரும்பாது, அதனால்தான் அவசரம். முடி வளர்ச்சி மாத்திரைகளில் மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும், மி.கி.யா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பச்சை முட்டையின் வெள்ளைக் கரு கூடாது, அதிலுள்ள அவிடின் பயோட்டினைக் கட்டிக்கொள்ளும்.

இன்னொரு பொறி: பயோட்டின் சாப்பிடும் குழந்தைக்குப் பல இயந்திரங்களில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து, டி4 பொய்யாக ஏறும். தைராய்டு மிகை என்று யாராவது மருந்து தொடங்கிவிடுவார்கள். சோதனைக்காக இந்தக் குழந்தைக்குப் பயோட்டினை நிறுத்தக் கூடாது. சீட்டில் "பயோட்டின் எடுக்கிறார்" என்று எழுதி, பயோட்டின் பயன்படுத்தாத முறையில் ஓட்டச் சொல்லுங்கள்.